பூட்ஸ் கடிக்கிறதா? சாக்ஸைப் பாருங்கள்: மலையேற்றத்துக்கு எந்த ஜோடி

மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. விளையாட்டுப் பொருள் கடைகளில் சிந்தெடிக் ஜோடி, அதாவது நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையில் செய்தது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டு அலமாரியிலோ பருத்தி சாக்ஸ் அரை டஜன் சும்மா கிடக்கிறது. முதல்முறை பூட்ஸ் வாங்கியவர்கள் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் முழிக்கிறார்கள். விலை கூடியதை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் வால்பாறைப் பக்கம் மழைக்காட்டில் ஒரு பகல் நடப்பவருக்கும், டிசம்பர் பனியில் இமயத்தின் கேதார்கண்டா சிகரம் ஏறுபவருக்கும் ஒரே சாக்ஸ் சரிவராது. பொருத்தமாக இருந்த பூட்ஸை விலையுயர்ந்த தடிமனான சாக்ஸே கெடுத்துவிடுவதும் உண்டு.

வெள்ளியங்கிரியை வெறுங்காலோடு ஏறிப் பழகியவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

## கொப்புளம் எப்படி வருகிறது

நடக்கும்போது காலுக்குள் எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. நடுவில் உள்ள தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு, சில ஆயிரம் அடிகளுக்குப் பிறகு பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. காய்ந்த தோல் துணி மேல் வழுக்கும். வியர்வையில் நனைந்த தோல் துணியைப் பற்றிக்கொள்ளும். நெடுநேரம் ஊறிய தோலுக்கு வலுவும் கிடையாது.

எனவே ஈரத்தைத் தோலிலிருந்து எடுப்பதும், பூட்ஸுக்குள் கால் ஆடாமல் பார்த்துக்கொள்வதும்தான் சாக்ஸின் முதல் வேலை. கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து நாம் மயங்கும் அந்த ‘மெத்’ இரண்டாம்பட்சம்.

## எதை வைத்து எடைபோடுவது

பூட்ஸில் மிச்சமுள்ள இடம். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். லேஸைத் தளர்த்தி, விரல்கள் முன்னால் முட்டும்வரை காலைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். மெல்லிய சாக்ஸோடு இந்த அளவு வந்து, தடித்த சாக்ஸோடு வரவில்லை என்றால், அந்த பூட்ஸுக்குத் தடித்த சாக்ஸ் கிடையாது. அவ்வளவுதான். மெல்லியதிலிருந்து மிகத் தடித்ததற்கு மாறினால், பூட்ஸ் ஏறக்குறைய அரை அளவு சிறிதானதுபோல் இருக்கும். இறுகிய பூட்ஸில் ரத்த ஓட்டம் குறையும். குளிருக்கென்று போட்ட தடித்த சாக்ஸால் கால் இன்னும் சில்லிட்டுப்போவது இதனால்தான். இறக்கத்தில் விரல்நகம் கறுத்துப்போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

ஈரம். நூல் தனக்குள் எவ்வளவு ஈரத்தை வாங்கும் என்பது ஒன்று. அதை எவ்வளவு சீக்கிரம் வெளியே விடும் என்பது இன்னொன்று. 65 சதவீதக் காற்று ஈரப்பதத்தில், எடையில் கம்பளி சுமார் 16 சதவீதமும், மூங்கில் என்று விற்கப்படும் விஸ்கோஸ் 12-13 சதவீதமும், பருத்தி 8 சதவீதமும், நைலான் 4 சதவீதமும் ஈரத்தை வாங்குகின்றன. பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை.

பொருத்தம். குதிகால் பை குதிகாலில் உட்கார வேண்டும். விரல்நுனியில் மடிப்பு விழக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் மடிப்பு பத்து கிலோமீட்டரில் ஒரு கொப்புளம்.

பயணத்தின் நாட்கள். ஒரே நாள் என்றால் காயும் நேரம் கணக்கே இல்லை, வீட்டுக் கொடி இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் என்றால் காய்வதும் நாற்றமும் முன்னுக்கு வந்துவிடும்.

உழைப்பு. குதிகாலும் பெருவிரல் நுனியும்தான் முதலில் தேயும். மற்ற இடம் புதிதுபோலவே இருக்கும்.

## பருத்தி சாக்ஸ்

“பருத்திதானே வெயிலுக்கு நல்லது?” என்ற கேள்வி நியாயமானதே. சட்டைக்கு அது உண்மை. நனைந்த பருத்திச் சட்டை மேல் காற்று பட்டு, ஈரம் ஆவியாகி, உடம்பு குளிர்கிறது. பூட்ஸுக்குள் காற்று ஏது? பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அங்கேயே வைத்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் கனத்து, குதிகாலில் தொளதொளத்து, மடிப்பு விழும். கம்பளியின் இழைகள் ஈரத்திலும் துள்ளி நிமிரும், இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். நனைந்த பருத்தி அப்படியே படிந்துவிடும். குளிர்ப்பகுதியில் ஆபத்து அங்கேதான்.

மறைமுகச் செலவு: காசில் எதுவும் இல்லை. இரண்டாம் நாள் நடை போய்விடும்.

இதுவே போதும் என்ற இடமும் உண்டு. ஒரு மணி நேரப் படிக்கட்டு, காலை நடை, தாராளமான கேன்வாஸ் ஷூ போன்றவற்றுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. முகாமில் இரவு தூங்குவதற்குக் காய்ந்த பருத்தி சாக்ஸ் மிதமான குளிரில் சுகமானது. மற்றபடி பூட்ஸுக்கு இது வேண்டாம். லேபிளில் பருத்தி 70-80 சதவீதம் என்று போட்டு, மலைப்படம் அச்சிட்ட அட்டையில் தொங்கும் சாக்ஸும் இந்த வகைதான்.

## நைலான்-பாலியஸ்டர் கலவை

இந்த இழைகள் ஈரத்தைத் தமக்குள் அதிகம் வாங்குவதில்லை. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக வியர்வை தோலிலிருந்து வெளிப்பக்கம் பரவுகிறது. பரவிய ஈரம் சீக்கிரம் காயும். ஓடையைக் கடந்து நனைந்த சாக்ஸைப் பிழிந்து போட்டுக்கொண்டு நடந்தால், பூட்ஸ் துணிவகையாக இருந்து வெயிலும் அடித்தால், உடல் சூட்டிலேயே பாதி காய்ந்துவிடும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். பாலியஸ்டர் ஈரத்தை நகர்த்தும். இரண்டும் சேர்ந்து, இறுக்கத்துக்கு 2 முதல் 5 சதவீதம் லைக்ரா இருந்தால் நல்ல கலவை.

குறை என்னவென்றால் நாற்றம். பாலியஸ்டரில் உடல் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், ஒரே நாளில் கூடாரத்தில் கூட இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளி கலந்து நாற்றம் தடுப்பதாகச் சொல்லும் பூச்சு துவைக்கத் துவைக்கக் குறைந்துவிடும், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கடும் குளிரில் நனைந்தால் கம்பளி அளவுக்கு இது கதகதப்பும் தராது. இன்னொன்று: முகாம் தீயருகே காய வைத்தால் உருகும்.

தமிழ்நாட்டு மலைகளுக்கு இதைத்தான் முதல் தேர்வாகச் சொல்ல வேண்டும். வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் முடிகிறவை. அடிவாரத்தில் புழுக்கம், மேலே காற்று, மாலையில் வீடு. இந்தக் கணக்குக்கு மெல்லிய அல்லது நடுத்தரத் தடிமன் சிந்தெடிக் போதும். இதில் மெரினோவுக்குச் செலவழிப்பதைவிட அந்தக் காசில் நல்ல இன்சோல் வாங்கலாம்.

உலர்ந்த புல்வெளிப் பாதைகளில் சிந்தெடிக்குக்கு இன்னொரு சாதகம் உண்டு. நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் கம்பளி, டவல் பின்னல் இரண்டிலும் ஊசிபோல் ஏறி உள்ளே குத்தும், பிடுங்கினால் நூலும் கூட வரும். வெளிப்பக்கம் வழவழப்பான நைலானாக இருந்தால் தட்டினாலே உதிர்ந்துவிடும். சாக்ஸ் வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, இறங்கி வந்து ஒரு மணி நேரம் விதை பொறுக்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

## மெரினோ கம்பளி

கம்பளி என்றதும் நமக்கு நினைவு வருவது சொரசொரக்கும் போர்வை. மெரினோ ஆட்டின் இழை வேறு ரகம். சாக்ஸுக்குப் பயன்படும் மெரினோ இழை பெரும்பாலும் 17 முதல் 21 மைக்ரான் பருமன். 30 மைக்ரானைத் தாண்டும் இழைதான் தோலில் குத்தும். மனிதத் தலைமுடி 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும் என்பதை வைத்து இதன் மென்மையை ஊகிக்கலாம்.

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவி வடிவில் இழைக்குள் வாங்கிக்கொண்ட பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாது. வியர்வை நீராகத் தோலில் தேங்குவதற்கு முன்பே, ஆவியாக இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறது. நனைந்தாலும் கதகதப்பு முழுதும் போய்விடுவதில்லை. நாற்ற வாயுக்களையும் இழை பிடித்து வைத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் ஒரே ஜோடியில் நடக்க முடியும். முதுகுப்பையில் எடை குறைவதற்கு அதுவே வழி.

“நூறு சதவீதம் மெரினோ” என்று தேடி அலைவது வீண். தனிக் கம்பளி குதிகாலில் சில பயணங்களிலேயே ஓட்டை விழும். மெரினோ 50-70 சதவீதம், நைலான் 25-45 சதவீதம், கொஞ்சம் லைக்ரா என்ற கலவைதான் உழைக்கும். எதிர்ப்பக்க மோசடியும் உண்டு: பெரிய எழுத்தில் ‘மெரினோ’, பின்பக்கம் சிறிய எழுத்தில் மெரினோ 15 சதவீதம், மிச்சம் அக்ரிலிக். லேபிளின் பின்பக்கத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உள்பக்கம் தொங்கும் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசத்தோடு எரிந்து, பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக்கும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகும். கலவையில் இரண்டும் தெரியும்.

மறைமுகச் செலவுகள் இதில்தான் அதிகம். வெந்நீரில் போட்டு மெஷினில் அலசினால் கம்பளி சுருங்கி அட்டைபோல் இறுகிவிடும். அலமாரியில் அந்துப்பூச்சி வைக்கும். தடித்த மெரினோ ஈரமானால் காய ஒரு பகலாவது வேண்டும். மூடுபனியில் ஒரு இரவில் காயாது. சிந்தெடிக் மூன்று ஜோடி வாங்கும் காசில் மெரினோ ஒரு ஜோடிதான் வரும். சில வெளிநாட்டு நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தயாராகும் டார்ன் டஃப் அதற்குப் பேர்போனது. ஆனால் கிழிந்த ஜோடியை இங்கிருந்து அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அந்த உத்தரவாதத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

மூன்று நாளுக்கு மேல், குளிர், துவைக்க வழியில்லை: இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் மெரினோ வாங்கலாம். கேதார்கண்டா, சந்தக்பூ, நேபாளப் பாதைகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

மணாலி கடைத்தெருவில் பூப்போட்டுக் கையால் பின்னிய சாக்ஸ் அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகு, கூடாரத்துக்குள் தூங்க அருமை. பூட்ஸுக்குள் வேண்டாம். பின்னல் முடிச்சுகள் உள்ளங்காலில் உறுத்தும், குதிகால் பை பெயருக்குத்தான் இருக்கும்.

## மூங்கில் சாக்ஸ்

மூங்கில் கூழிலிருந்து ரசாயன முறையில் எடுக்கும் விஸ்கோஸ்தான் இது. தொட்டால் பட்டுபோல் வழுக்கும், அதில் மயங்கி வாங்குகிறார்கள். ஈரத்தைப் பருத்தியைவிடவும் அதிகமாகக் குடிக்கும், நனைந்தால் இழையின் வலுவும் குறையும். அலுவலகத்துக்கு நல்லது. பூட்ஸுக்குப் பருத்தியின் இடம்தான் இதற்கும்.

## இரட்டை அடுக்கு: உள்சாக்ஸும் வெளிசாக்ஸும்

மெல்லிய வழவழப்பான பாலியஸ்டர் அல்லது நைலான் உள்சாக்ஸ், அதன் மேல் நடுத்தரக் கம்பளி சாக்ஸ். தோலுக்கும் துணிக்கும் நடுவே நடக்க வேண்டிய உரசல், துணிக்கும் துணிக்கும் நடுவே நடந்துவிடுகிறது. தத்துவம் இவ்வளவுதான், அது வேலை செய்யவும் செய்கிறது. எந்த பூட்ஸ் போட்டாலும் ஒரே இடத்தில் கொப்புளம் வருகிறவர்கள் முதலில் முயல வேண்டியது இதையே. உள்சாக்ஸை மட்டும் தினமும் அலசிப் போட்டால் வெளிசாக்ஸ் பல நாள் தாங்கும் என்பது கூடுதல் லாபம்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, பூட்ஸில் இடமில்லாமல் இரண்டைத் திணிப்பது. இன்னொன்று, இரண்டு பருத்தி சாக்ஸை மாட்டிக்கொண்டு இதையே செய்வதாக நினைப்பது. பருத்தியும் பருத்தியும் நனைந்தால் வழுக்காது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுருளும். உள்சாக்ஸ் காலோடு தோல்போல் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு அளவு பெரிதானாலும் பலன் தலைகீழாகும்.

## விரல் பிரித்த சாக்ஸ்

கையுறைபோல் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை. விரல் இடுக்கில் தோலும் தோலும் உரசிக் கொப்புளம் வருகிறவர்களுக்கும், ஒரு விரல் மேல் இன்னொன்று ஏறியிருப்பவர்களுக்கும் இதற்கு மாற்று இல்லை. இடுக்கில் ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வருவதும் குறையும். மற்றவர்களுக்குத் தேவையில்லாத வேலை: ஈரக்காலில் மாட்டுவதற்குள் கூட வந்தவர்கள் அடுத்த வளைவைத் தாண்டிவிடுவார்கள். பூட்ஸின் முன்பகுதி அகலமாக இருப்பது அவசியம். சுண்டுவிரல் நெருக்கப்பட்டால் வேறு தொல்லை தொடங்கும்.

## நீர்புகா சாக்ஸ்

வெளியே நைலான் பின்னல், நடுவில் நீர்தடுப்புச் சவ்வு, உள்ளே மென்மையான அடுக்கு. குளிரான ஈரநிலத்தில், நீர்புகும் ஷூவோடு நடக்க இது உருவானது. நம் மலைகளின் வெப்பத்தில் வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்வியர்வை வெளியே போகாது. ஓடையில் தண்ணீர் விளிம்புக்கு மேல் ஏறிவிட்டால் நிரம்பிய குடம்தான். இதேபோல் நீர்தடுப்புச் சவ்வு வைத்த கோர்-டெக்ஸ் பூட்ஸுக்குள் இதைப் போடுவது குடைக்குள் குடை பிடிப்பது மாதிரி.

கோர்-டெக்ஸ் பற்றியே ஒரு சொல். அந்தச் சவ்வு வழியாக ஆவி வெளியேற, உள்ளே வெளியே உள்ள வெப்ப, ஈரப்பத வித்தியாசம் தேவை. இமயத்தின் வறண்ட குளிரில் அது தாராளம். ஜூலை மாத மேற்குத் தொடர்ச்சி மலையில் வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருப்பதால் ஆவி வெளியே போக வழி குறைவு. அப்போது வியர்வையின் பாரம் முழுவதும் சாக்ஸ் மேல் விழுகிறது. அந்த பூட்ஸோடு மழைக்காலத்தில் போகிறவர்கள் மெல்லிய சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து, நண்பகலில் மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

## அட்டை சாக்ஸ்

இது சாக்ஸுக்கு மாற்று இல்லை, ரத்தம் குடிக்கும் அட்டைகளைத் தடுக்க சாக்ஸ் மேல் போடும் உறை. வால்பாறை, மேகமலை, இலங்கையில் சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் மழைக்காலத்தில் நடப்பவர்களுக்குத் தேவைப்படும். சாதாரண சாக்ஸ் பின்னல் துணி. அதன் கண்களை இழுத்து அட்டை உள்ளே நுழைந்துவிடும், அல்லது துணி வழியாகவே கடித்துவிடும். அட்டை சாக்ஸ் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தைத்தது. முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்ட வேண்டும், பேன்ட்டின் கால் அதற்குள் போக வேண்டும்.

எல்லோரும் தவறவிடுவது ஒன்று: நெய்த துணி நீளாது, பாதத்தின் மேல் மடிந்து நிற்கும், பூட்ஸுக்குள் இடம் பிடிக்கும். ஆகவே உள்ளே மெல்லிய சிந்தெடிக் மட்டும். தடித்த சாக்ஸ் மேல் அட்டை சாக்ஸையும் ஏற்றினால் அட்டைக்குத் தப்பிய கால் பூட்ஸிடம் கடிபடும். வெளிர் நிறத்தில் வாங்கினால் ஏறுகிற அட்டை கண்ணுக்குத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வகை | ஈரத்தில் | காய்வது | நாற்றம் | உழைப்பு | சரியான இடம் |
|---|---|---|---|---|---|
| பருத்தி | தேக்கும், மடியும் | மெதுவாக | நடுத்தரம் | நடுத்தரம் | குறுநடை, தூக்கம் |
| நைலான்-பாலியஸ்டர் | வெளியே கடத்தும் | மிக வேகம் | அதிகம் | நன்று | ஒருநாள் நடை, வெப்பம், மழை |
| மெரினோ கலவை | ஆவியாக உறிஞ்சும் | நடுத்தரம் முதல் மெதுவாக | மிகக் குறைவு | நைலான் இருந்தால் நன்று | பலநாள், குளிர் |
| மூங்கில் | அதிகம் தேக்கும் | மெதுவாக | நடுத்தரம் | குறைவு | அலுவலகம் |
| இரட்டை அடுக்கு | நன்கு கடத்தும் | உள்சாக்ஸ் வேகம் | குறைவு | நன்று | அடிக்கடி கொப்புளம் வருகிறவர்கள், நீண்ட இறக்கம் |
| விரல் பிரித்தது | நன்று | வேகம் | நூலைப் பொறுத்து | நடுத்தரம் | விரல் இடுக்குக் கொப்புளம் |
| நீர்புகா | வியர்வையை அடைக்கும் | மிக மெதுவாக | அதிகம் | நடுத்தரம் | குளிர் ஈரநிலம் |

## தடிமனும் உயரமும்

தடிமனில் நான்கு படி உண்டு: மெலிது, இலகு மெத்தை, நடுத்தரம், கனம். கடைக்காரர் ‘ட்ரெக்கிங்’ என்றதும் கனத்தை எடுத்துக் காட்டுவார். கனம் என்பது பனிமலை பூட்ஸுக்கும் உறைகுளிருக்கும் உரியது. பெரும்பாலானவர்களுக்கு இலகுவோ நடுத்தரமோ போதும். உள்ளங்காலிலும் குதிகாலிலும் மட்டும் டவல்போன்ற பின்னல், பாதத்தின் மேற்புறம் மெல்லிய வலைப்பின்னல் என்று பகுதி பகுதியாக மெத்தை வைத்தது நம் வெப்பத்துக்கு ஏற்றது.

உயரத்துக்கு ஒரே விதி: பூட்ஸின் விளிம்பைவிட இரண்டு விரற்கடையாவது மேலே நிற்க வேண்டும். கணுக்காலோடு நிற்கும் குட்டை சாக்ஸை உயர பூட்ஸுக்குள் போட்டால் விளிம்பு நேராகத் தோலில் அறுக்கும். உண்ணி உள்ள காடுகளில், குறிப்பாகக் கியாசனூர் காட்டு நோய் பரவும் கர்நாடக மலைநாட்டுப் பகுதிகளில், பேன்ட்டைச் செருகிக்கொள்ளும் அளவுக்குக் கெண்டைக்கால் உயரம் வேண்டும். எலாஸ்டிக் பட்டை அரை மணி நேரத்தில் ஆழமான தடம் பதித்தால் அது இறுக்கம், வேறு ஜோடி பாருங்கள்.

## எந்தப் பயணத்துக்கு எத்தனை

ஒரு பகல் நடை: காலில் மெல்லிய அல்லது நடுத்தர சிந்தெடிக் ஒன்று, பையில் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்த ஜோடி ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றிப் பத்து நிமிடம் காற்றாட விட்டு மாற்றுவது, எந்த விலையுயர்ந்த நூலையும்விடப் பலன் தரும்.

இலங்கையின் சிவனொளிபாதமலை போன்ற ஐந்தாயிரம் படிக்கு மேற்பட்ட ஏற்றம்: ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் விரல் முன்னால் முட்டும். இங்கே மெத்தையைவிடக் குதிகால் பிடிப்பு முக்கியம். இறங்கத் தொடங்கும் முன் லேஸைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். இரட்டை அடுக்கு இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

நான்கைந்து நாள் இமயநடை: நடக்க மெரினோ கலவை இரண்டு ஜோடி, தூங்க மட்டும் தடித்த கம்பளி ஒரு ஜோடி. அந்தத் தூக்க ஜோடியை எவ்வளவு ஆசை வந்தாலும் பூட்ஸுக்குள் போடாதீர்கள். மற்ற எல்லாம் நனைந்த இரவில் அது ஒன்றுதான் காய்ந்திருக்கும். லேசாக ஈரமான மெல்லிய சாக்ஸைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துத் தூங்கினால் காலைக்குள் காய்ந்துவிடும்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தட்டையான தையல் உள்ள, வெளிர் நிற சாக்ஸையே போட வேண்டும். வலி தெரியாவிட்டாலும் ரத்தக்கறை கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு ஓய்விலும் கழற்றிப் பார்ப்பதும், கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்பதும் அவர்களுக்குக் கட்டாயம்.

## கடையில் சோதிப்பது

உள்ளே வெளியாகத் திருப்பி விரல்நுனித் தையலைத் தடவுங்கள். கயிறுபோல் தடித்திருந்தால் வைத்துவிடுங்கள். அளவுகள் 39-42, 43-46 என்று ஐரோப்பிய எண்ணில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், விரலை இழுக்காத பட்சத்தில் சிறியதே நல்லது. துணி நீளும், தொங்கலை யாராலும் சுருக்க முடியாது. போட்டுக்கொண்டு பத்து முறை நுனிக்காலில் எம்பி இறங்குங்கள். குதிகால் பை மேலே ஏறி வந்தால் அது உங்கள் காலுக்கானது இல்லை. பூட்ஸ் வாங்கப் போகும்போது இந்த சாக்ஸையே எடுத்துப் போங்கள், அதுவும் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில். கடையின் இரவல் சாக்ஸில் அளவு பார்த்து வாங்கிய பூட்ஸ்தான் பிறகு தகராறு செய்கிறது.

பயணத்துக்கு முன் அதே பூட்ஸ், அதே சாக்ஸோடு ஐந்து கிலோமீட்டர் நடங்கள். அதில் மாடிப்படி இறக்கமும் இருக்கட்டும். சிவந்த இடம் தெரிந்தால், அந்த இடத்தில் பயணத்தன்று காலையிலேயே, கால் காய்ந்திருக்கும்போது, மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடலாம். வாஸ்லைன் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. முதலில் வழுக்கும், சில மணி நேரம் கழித்துத் தோலை ஊறவைத்து உரசலைக் கூட்டும், சாக்ஸையும் பிசுபிசுப்பாக்கும். பவுடர் வியர்வையில் உருண்டையாகிக் குத்தும்.

## துவைப்பதும் தூக்கிப் போடுவதும்

உள்பக்கம் வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில், குறைந்த சோப்பில் துவையுங்கள். கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டும் திரவம் வேண்டாம், அது இழைமேல் படலமாகப் படிந்து ஈரத்தை நகர விடாது. முறுக்கிப் பிழிந்தால் லைக்ரா அறும். துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்து நிழலில் போடுங்கள். கொடியில் விரல்பக்கத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் எலாஸ்டிக் பட்டை தளராது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சாக்ஸுக்குள் கையை விட்டு விரித்து, குதிகாலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மெத்தை போய் வெறும் வலை தெரிந்தால் அதில் இன்னும் ஓட்டை விழவில்லையே என்று பார்க்க வேண்டாம். அந்த இடத்தில் இப்போது உங்கள் தோல் நேராக பூட்ஸோடு பேசிக்கொண்டிருக்கிறது. அந்த ஜோடி வண்டி துடைக்கப் போகலாம்.